குருநகரின் நீளம்

குருநகர் எவ்வளவு நீளம்? யாழ்ப்பாண நகரின் தெற்கே, மண்டைதீவைப் பார்த்தபடி கடலோரமாக அமைந்த ஊரைச் சொல்லவில்லை. அந்த ஊரின் பெயரைச் சொல்கிறேன். ‘குருநகர்’ என்று கணினியில் தட்டச்சிட்டு அதன் நீளத்தைக் கேட்டால் கணினி எந்த எண்ணைத் தரும், எந்த எண்ணைத் தர வேண்டும் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் ஆராய்ச்சி.

சரத்தின், அதாவது கணினியில் இட்ட எழுத்துத் தொடரின், நீளத்தை அறிவது எப்படி என்பது நிரலாக்கம் பழகுபவர் எவரும் தொடக்கத்திலேயே கேட்கும் கேள்வி. ஒரு மொழியை விட்டு இன்னொன்றுக்குப் போனால் அதையே மறுபடியும் கேட்க வேண்டும். க.பொ.த. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுக்கும் மாணவிக்கு அது பைதனில் வருகிறது. பல்கலைக்கழகத்தில் சி மொழியிலும் ஜாவாவிலும் வரும், வேலைக்குப் போனால் தரவுத்தளத்தில் வரும். விடை எங்கும் ஒற்றைச் சொல்தான்: சி மொழியில் ஸ்டர்லென், பைதனில் லென், ஜாவாவிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் லெங்த், ஸ்விஃப்டில் கவுண்ட். அந்தச் சொல்லைக் குறித்துக்கொண்டதும் கேள்வி தீர்ந்ததென்று எல்லாரும் நகர்ந்துவிடுகிறார்கள்.

கேள்வி தீரவில்லை. குருநகர் சி மொழியில் 24. பைதன், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றிலும் 8. ஸ்விஃப்டில் 5. ஒருங்குறி வருமுன் ஈழத்தில் பரவலாக வழங்கிய பாமினி எழுத்துருவில் அடித்தால் 6. அதில் ‘கு’வுக்கு ஒரு விசை, ‘ரு’வுக்கு ஒரு விசை, ந, க, ர மூன்றுக்கும் மூன்று, கடைசியில் புள்ளிக்கு ஒன்று. இதே பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் 9. அதை எந்த மொழியிடம் கேட்டாலும் 9தான். இந்தக் கேள்வியை முதலில் வகுத்தவர்கள் ஆங்கிலத்தில் எழுதினார்கள். அவர்களுக்கு நீளம் என்பது ஒன்றே ஒன்றாக இருந்தது. நமக்கு அப்படி இருக்கவில்லை. அதனால் நமக்கு இது இன்னும் கவனமாகக் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் இலக்கணம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். எழுத்தெண்ணிப் படிப்பவர் கு, ரு, ந, க, ர் என்று ஐந்து சொல்வார். ‘கு’ என்பது ககர மெய்யும் உகர உயிரும் சேர்ந்த உயிர்மெய்யாயினும், எண்ணும்போது ஒன்றாகவே நிற்கும். தொல்காப்பியர் வகுத்த முதலெழுத்து முப்பதைக் கொண்டு பிரித்தால் க், உ, ர், உ, ந், அ, க், அ, ர் என ஒன்பது வரும். ஒலியளவைக் கேட்டால் குறில் நான்குக்கு நான்கு மாத்திரை, இறுதி மெய்க்கு அரை, ஆக 4½. யாப்பில் குரு, நகர் என்று இரண்டு நிரையசை, கருவிளம். ஐந்து, ஒன்பது, நாலரை, இரண்டு என்று எல்லாமே நீளந்தான். ஆனால் எது எதற்கான அளவு என்பதில் நம் இலக்கண நூல்களுக்குக் குழப்பமே கிடையாது. எழுத்துக்கு ஓர் அதிகாரம், செய்யுளுக்கு ஓர் இயல். அளவை மாற்றினால் அதன் பெயரையும் மாற்றிவிடுவார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகலாம். குருநகரின் பழைய பெயர் கரையூர். எழுத்து நான்கு. ஐகாரம் சொல்லின் இடையில் வருவதால் குறுகி ஒரு மாத்திரையாகும். எனவே ஒன்று, ஒன்று, இரண்டு, அரை என்று அதற்கும் 4½ மாத்திரை. கணினியில் பழைய பெயர் 21 பைட், புதிய பெயர் 24. வாய்க்கு இரண்டும் ஒரே நீளம்.

இனிக் கணினியின் கணக்கு. ஒருங்குறியில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு தொகுதி 1991இல், அதன் முதற் பதிப்பிலேயே ஒதுக்கப்பட்டது. அதன் அடுக்கு இந்தியாவின் 1988ஆம் ஆண்டு இஸ்கி குறிமுறையிலிருந்து வந்தது. அந்த முறையில் ‘க’ அகரத்தோடு சேர்ந்த ஒரே குறி. ‘கு’ வேண்டுமானால் ககரத்தின் பின் உகரக் குறியீட்டைச் சேர்க்க வேண்டும், ‘க்’ வேண்டுமானால் புள்ளியைச் சேர்க்க வேண்டும். குருநகரின் குறியெண்கள் வரிசையாக இவை: 2965, 3009, 2992, 3009, 2984, 2965, 2992, 3021. பைதன் சொல்லும் 8 இதுதான். 3009 உகரக் குறியீடு, 3021 புள்ளி.

தொல்காப்பியரின் கணக்கு இதற்கு நேர் எதிரானது. அவருக்கு ‘க்’ ஒன்று. புள்ளி நீங்கி அகரம் ஏறிய ‘க’ இரண்டின் சேர்க்கை. கணினிக்கு ‘க’ ஒன்று, ‘க்’ இரண்டு. ஆகவே அரை மாத்திரை ஒலிக்கும் ‘ர்’ கணினியில் 6 பைட் கொள்கிறது. ஒரு மாத்திரை ஒலிக்கும் ‘ந’ 3 பைட்டில் அடங்கிவிடுகிறது. தமிழின் அடிப்படை அலகை இப்படித் தலைகீழாக வைத்தது பிழையான முடிவென்றே நினைக்கிறேன். 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது தமிழ்நாடு அரசு ஒருங்குறியோடு டேஸ் 16 என்னும் குறிமுறையையும் ஏற்றது. அதில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குறி. குருநகர் அங்கே 5. ஆனால் கைத்தொலைபேசிகளும் உலாவிகளும் ஒருங்குறியின் வழியே போய்விட்டன, இட்ட குறியெண்ணை மாற்றுவதில்லை என்பது ஒருங்குறியின் உறுதியான கொள்கை. 8 நமக்கு வாய்த்த எண். அதைக் கையாளப் பழக வேண்டியதுதான்.

24 எங்கிருந்து வந்தது? 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யு.டி.எஃப். 8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று. எட்டு மூன்று இருபத்துநான்கு. டெனிஸ் ரிச்சி 1972 அளவில் உருவாக்கிய சி மொழிக்கு எழுத்து என்பதே தெரியாது; பூச்சியம் வரும்வரை பைட்டுகளை எண்ணிச் சொல்லும். கோ, ரஸ்ட் போன்ற பின்னாளைய மொழிகளிலும் லென் பைட்டையே தருகிறது, குறியெண்ணை எண்ண வேறு வழி வைத்திருக்கிறார்கள். 1995இல் வந்த ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் 16 பிட் அலகுகளை எண்ணுகின்றன. அன்றாடத் தமிழில் அது பைதனின் எண்ணோடு ஒத்துப்போகும். பழைய பின்னக் குறிகளை எழுதும்போதுதான் இரண்டும் பிரியும். முந்திரி என்னும் 1/320க்கான குறியை ஒருங்குறி 2019இல் வேறொரு தொகுதியில் சேர்த்தது. பைதனுக்கு அது 1, ஜாவாவுக்கு 2.

5 என்று சரியாகச் சொல்வது 2014இல் ஆப்பிள் வெளியிட்ட ஸ்விஃப்ட். ஒருங்குறியின் 29ஆம் இணைப்பு, வாசகர் ஒன்றெனக் கருதும் குறிக்கூட்டத்தை எப்படிப் பிரிப்பதென்று விதி வகுக்கிறது. அதில் எடுத்துக்காட்டாக நிற்கும் எழுத்துகளுள் ஒன்று தமிழ் ‘நி’. ஸ்விஃப்ட் அந்த விதியைப் பின்பற்றுகிறது. பி.எச்.பி.யில் இதற்கென்று தனியான செயற்கூறு உண்டு. ஜாவாஸ்கிரிப்டிலும் இப்போது உலாவிக்குள்ளேயே கூட்டம் பிரிக்கும் வசதி இருக்கிறது. பைதனில் வேண்டுவோர்க்கு, எழில் மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் நண்பர்களும் எழுதிய ஓப்பன் தமிழ் நிரலகம் இருக்கிறது. சரத்தைக் கொடுத்தால் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தரும். ஒருங்குறி விதிக்கும் ஓர் எல்லை உண்டு. ‘க்ஷ’வை அது இரண்டாகவே எண்ணும்.

அப்படியானால் 5தான் சரி, மற்றவை பிழை என்று முடிக்கலாமா? முடியாது. குருநகர்க்காரருக்கு இதை விளக்கவே தேவையில்லை. அங்கே வலைக்குப் பாகக் கணக்கு உண்டு, கண் கணக்கு உண்டு, நிறைக் கணக்கும் உண்டு. கடலில் விடுபவருக்கு வேண்டியது ஒன்று, பொத்துபவருக்கு வேண்டியது ஒன்று, கடையில் வாங்குபவருக்கு வேண்டியது இன்னொன்று. எதற்கு அளக்கிறோம் என்று முதலில் கேட்காமல் யாரும் நீளம் சொல்வதில்லை.

சேமிப்புக்கு வேண்டியது பைட். ஆரக்கிள் தரவுத்தளத்தில் முகவரிக்கு 20 என்று இடம் ஒதுக்கினால், வேறெதுவும் குறிப்பிடாதவரை அது 20 பைட். ‘யாழ்ப்பாணம்’ கிடக்கட்டும், ‘குருநகர்’ கூட அதற்குள் நுழையாது. 24 வந்திருக்கிறது, 20தான் இடம் என்று பிழை காட்டி நின்றுவிடும். மைஎஸ்கியூஎல்லில் அதே 20 குறியெண்களின் எண்ணிக்கை. அங்கே தாராளமாக இடமிருக்கும். சி மொழியில் ஒருவர் 20ஆம் பைட்டில் வெட்டினால் ‘குருநக’ வரை வந்து, அடுத்த ரகரத்தின் மூன்று பைட்டில் இரண்டு மட்டும் மிஞ்சி, உடைந்த குறி ஒன்று திரையில் நிற்கும். மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வரில் சரத்தின் முன் ஒருங்குறிக்கான அடையாளத்தைப் போட மறந்தால், வழக்கமான இலத்தீன் அமைப்பில், எட்டுக் குறியும் எட்டுக் கேள்விக்குறியாகிவிடும். உள்ளே போன பிறகு அது குருநகரா, வேறெந்த எட்டா என்று மீட்க வழியில்லை. எங்கோ எட்டுக் கேள்விக்குறியாகப் பதிவான முகவரி ஒருவருடைய வீடு. இதை நிரலாளர் மனத்தில் வைத்தே ஆக வேண்டும்.

குறுஞ்செய்திக்கும் தனிக் கணக்கு. ஒரு செய்திக்கு 140 பைட். ஆங்கில எழுத்து மட்டுமானால் அதில் 160 குறி அடங்கும். தமிழ் எழுத்து ஒன்று கலந்தாலே முழுச் செய்தியும் 70 குறிக்குச் சுருங்கும். குருநகர் அந்த எழுபதில் எட்டைக் கொண்டுபோகிறது. தமிழில் அறிவித்தல் அனுப்பும் அலுவலகம் இரண்டு பங்குக்கும் மேலான செலவைச் சுமக்கும் காரணம் இதுதான். தமிழைச் சுருக்கி எழுதச் சொல்லும் அதிகாரியிடம் காட்ட வேண்டிய எண்ணும் இதுவே.

திரையில் கைவைத்தாலே இரண்டு நீளங்களையும் ஒருசேரப் பார்க்கலாம். விண்டோஸில் ‘குருநகர்’ என்று எழுதி, சுட்டியை முன்னே வைத்து வலப்பக்க அம்பு விசையால் நகர்த்துங்கள்: ஐந்து தட்டில் கடைசிக்குப் போய்விடும். இனிப் பின்னழிப்பு விசையைத் தட்டிக்கொண்டு வாருங்கள். முதல் தட்டில் ‘ர்’ போகாது, புள்ளி மட்டும் போய் ‘குருநகர’ என்று நிற்கும். முழுதாய் அழிக்க எட்டுத் தட்டு வேண்டும். இரண்டும் நல்ல ஏற்பாடே. வாசிப்பவர் எழுத்தால் நகர்கிறார். பிழையாய் அடித்தவருக்கு, ககரத்தை விட்டுவிட்டு உகரத்தை மட்டும் திருத்த வழி வேண்டும்.

ஆனால் ஏற்கவே முடியாத விடையும் உண்டு. பெயர் என்ற கட்டத்தில் எழுத்துகள் மட்டும் வரலாம் என்று விதி வைப்பது வழக்கம். பைதனில் அதற்கு இஸ்ஆல்ஃபா என்ற செயற்கூறு. குருநகர் முழுவதும் எழுத்தால் ஆனதா என்று கேட்டால் இல்லை என்கிறது. உகரக் குறியீடும் புள்ளியும் ஒருங்குறியில் எழுத்து வகையில் சேர்க்கப்படவில்லை. அவை துணைக்குறி வகை. பைதனின் ரெஜெக்ஸ் என்னும் வடிவத் தேடலில், சொல்லைப் பிடிக்கும் வழக்கமான குறியால் தேடினால் ‘க’, ‘ர’, ‘நகர’ என்று மூன்று துண்டாகக் கிடைக்கும். ஜாவாஸ்கிரிப்டில் அதே குறி ஆங்கில எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும் மட்டுமே அறியும், ஒன்றுமே கிடைக்காது. இத்தனைக்கும் ‘குருநகர்’ என்ற சொல்லையே மாறியின் பெயராக வைத்துப் பைதனில் நிரல் எழுதலாம். ஒரு சொல்லும் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும். பெயராகத் தகும், ஆனால் எழுத்தால் ஆனதல்ல என்பது ஒன்றுக்கொன்று முரண். உகரம் ஏறாத பெயர், புள்ளி இல்லாத பெயர் தமிழில் எத்தனை இருக்கும்? அந்தக் கட்டத்தில் தம் பெயரை எழுதிவிட்டு ‘எழுத்துகளை மட்டும் பயன்படுத்தவும்’ என்ற சிவப்பு வரியைப் பார்த்தவர்கள் பிழை தம்முடையதென்று எண்ணி ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள். ஒரு மொழி படிவங்களிலிருந்து வெளியேறுவது இப்படித்தான்.

சரத்தைத் தலைகீழாக்குவது எப்படி என்பது அடுத்த பொதுக் கேள்வி. குறியெண் வரிசையில் திருப்பினால் முதலில் பற்றுக்கோடில்லாத புள்ளி ஒன்று, பின்னர் ‘ரகநுருக’. உகரங்கள் ஓர் எழுத்துத் தள்ளிப் போய் ஒட்டிக்கொண்டன. எழுத்தறிந்து திருப்பினால் ‘ர்கநருகு’. இருவழியும் ஒக்குமா என்று பார்க்கும் பயிற்சியும் இதைத் தொடர்ந்து வரும். ‘விகடகவி’யைக் கொடுத்தால் பாடநூல் நிரல் இல்லை என்றே சொல்லும், திருப்பிய சரம் இகரக் குறியீட்டில் தொடங்குவதால் ஒப்பீடு முதலடியிலேயே தவறுகிறது. மாலைமாற்று என்று இதற்கொரு செய்யுள் வகையே வைத்திருந்தவர்கள் நாம். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையும் அந்த வகையில் பாடியிருக்கிறார். மூன்றாம் திருமுறையில் இருக்கிறது. அதைப் பரிசோதனைத் தரவாகக் கொடுத்து, நிரல் ஆம் என்று சொல்லும்வரை மாணவரைத் திருத்தச் சொல்லும் ஆசிரியர் நல்ல ஆசிரியர்.

வரிசைப்படுத்தலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கலவாய், கவலை, கழி, களங்கண்ணி, கறி என்பது அகராதி வரிசை. குறியெண்ணைப் பார்த்து அடுக்கும் நிரல் கறி, கலவாய், களங்கண்ணி, கழி, கவலை என்று தரும். ற, ல, ள, ழ, வ என்ற ஒழுங்கில் அவற்றுக்கு 2993 முதல் 2997 வரை எண் இட்டிருப்பதே காரணம். தமிழ் வரிசை ஐ.சி.யு. நிரலகத்தில் இருக்கிறது. அழைத்துப் பயன்படுத்தினால் போதும்.

ஒரே மாதிரித் தெரியும் இரண்டு சரங்கள் ஏன் சமமாகவில்லை என்ற கேள்விதான் எல்லாவற்றிலும் கடினமானது. குருநகருக்குக் கிழக்கே கொழும்புத்துறை. அதன் ‘கொ’வை ஒகரக் குறியீடு ஒன்றால் எழுதலாம், அல்லது எகரக் கொம்பும் காலுமாக இரண்டால் எழுதலாம். முதலாவது 14 குறியெண், மற்றது 15. திரையில் வேறுபாடே தெரியாது. இதற்கு மருந்து எளிது. எல்லா முக்கிய மொழிகளிலும் உள்ள இயல்பாக்கச் செயற்கூறு இரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

குருநகரின் நோய்க்கு அந்த மருந்து வேலை செய்யாது. பழைய எழுத்துருப் பழக்கத்தில் ‘ர்’ என்பதற்குக் காலை இட்டு மேலே புள்ளி வைப்பவர்கள் பலர். ‘குருநகா்’ என்று அவர்கள் எழுதுவது பல எழுத்துருக்களில் ‘குருநகர்’ போலவே தெரியும். ஏழாவது குறியெண் மட்டும் 2992க்குப் பதில் 3006. பைதனிடம் கேட்டால் இப்போதும் 8, சி மொழியிடம் கேட்டால் இப்போதும் 24. ஐந்து என்று சொல்லி வந்த ஸ்விஃப்ட் மட்டும் 4 என்கிறது. ககரமும் காலும் புள்ளியும் ஒரே கூட்டமாகிவிட்டன. இங்கே எழுத்தெண்ணிக்கைதான் நோயைக் காட்டிக்கொடுத்தது. ஒரு பதிவேட்டில் சிலர் முகவரி இப்படியும் சிலர் முகவரி அப்படியும் இருந்தால், ஊரின் பெயரைத் தேடும் அலுவலர் பாதிப்பேரைக் காணமாட்டார். காணாதது அவருக்குத் தெரியவும் வராது.

இதை இயந்திரத்திடம் விட்டே திருத்தலாம். எகரத்துக்கும் ஒகரத்துக்கும் பழைய எழுத்து முறையில் புள்ளி இருந்ததுண்டு. ஆகாரத்துக்கு எந்தக் காலத்திலும் எந்த இலக்கணமும் புள்ளி தந்ததில்லை. ஆகவே காலைத் தொடர்ந்து புள்ளி வரும் இடமெல்லாம் ‘ர்’ என மாற்றினால் ஒரு சொல்லும் கெடாது. ஒரே வரி நிரல், எந்த மொழியிலும். அதை ஓட்டி, பின் இயல்பாக்கி, அதற்குப் பின்பே எண்ண வேண்டும்; இந்த ஒழுங்கு மாறினால் குறை தங்கிவிடும்.

ஔகாரத்தில் அப்படிச் செய்ய முடியாது. ‘ஔவையார்’ என்பதை ஒகரமும் ளகரமுமாக ‘ஒளவையார்’ என்று அடிப்பதும் இதே வகைத் தவறுதான். ஆனால் ஒகரத்தை அடுத்த ளகரத்தையெல்லாம் ஔகாரமாக்கினால் ‘ஒளி’ அழிந்துபோகும். கொம்பை அடுத்த ளகரத்தை மாற்றினால் ‘வெள்ளம்’ அழியும். அங்கே நிரல் செய்யக்கூடியது ஐயமான சொற்களைப் பொறுக்கி ஒரு பட்டியலாகத் தருவது. அந்தப் பட்டியலைத் தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.